ஓநாயைச் சுட்டவர் காடு வளர்த்த கதை

காட்டைப் பராமரிக்கத் தனிப் படிப்பு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்காவின் ஆல்டோ லியோபோல்ட் வாழ்க்கையைப் பாருங்கள்.

1887-ல் பிறந்த இவர், யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் முதுநிலைப் பட்டம் பெற்று, 1909-ல் வனத்துறையில் சேர்ந்தார். ஓநாய்களை ஒழித்தால் மான்கள் பெருகும், அது நல்லது என்று அப்போது எல்லோரையும் போல அவரும் நம்பினார், ஓநாய்களைச் சுட்டார். ஓநாய் இல்லாத மலைகளில் மான்கள் பெருகித் தளிர்களை எல்லாம் மேய்ந்துவிட, மலைகள் மொட்டையாயின. தன் தவறை மறைக்காமல் பின்னாளில் எழுதினார்.

அவருடைய யோசனையால்தான் நியூ மெக்சிகோவின் கிலா வனப்பகுதி 1924-ல் சாலை போடாமல் பாதுகாக்கப்பட்டது.

1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியரானார். அந்தப் பதவி இருந்தது வேளாண் பொருளாதாரத் துறையில் என்பதைக் கவனியுங்கள். காட்டுயிர்கள் உழவர் நிலத்திலும் வாழ்கின்றன. உழவர் ஒத்துழைக்காமல் அவற்றைக் காக்க முடியாது என்பது அவர் பாடம். முதுநிலை மாணவர்களைப் பண்ணைகளுக்கே அனுப்பி ஆய்வு செய்ய வைத்தார்.

சொன்னதைச் செய்தும் பார்த்தார். 1935-ல் சத்து போன மணற்பாங்கான பண்ணை ஒன்றை வாங்கி, கோழிக் கொட்டகையைக் குடிசையாக்கினார். மனைவி, ஐந்து பிள்ளைகளுடன் பைன் கன்றுகளை நட்டார். வறட்சியில் பெரும்பாலானவை கருகின. சளைக்காமல் ஆண்டுதோறும் நட்டார்.

1948 ஏப்ரல் 21 அன்று, பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல் தீயை அணைக்கப் போனவர் மாரடைப்பால் இறந்தார். தரிசாகக் கிடந்த அவர் நிலத்தில் இன்று பைன் மரங்கள் ஓங்கி நிற்கின்றன.

நீங்கள் நட்ட கன்று கருகினாலும், அடுத்த மழைக்கு மறுபடி நடுங்கள்.