வைத்திய கலாநிதி லூசி வில்ஸ் (1888 – 1964)

நோயியல் நிபுணர் என்றதும் நம் ஊரில் பலர் சட்ட வைத்திய அதிகாரியையே நினைத்துக்கொள்கிறார்கள். இறந்தவர்களை வெட்டிப் பார்ப்பவர் என்ற எண்ணம். உண்மையில் எங்கள் நாளின் பெரும்பகுதி, உயிரோடிருப்பவர்களின் இரத்தத்தோடும் இழையத் துண்டுகளோடும் நுணுக்குக்காட்டியின் முன்னேதான் கழிகிறது. நோயாளி எங்கள் முகத்தைக் காண்பதில்லை. அறிக்கையின் அடியில் ஒரு கையொப்பம், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, மருத்துவ பீடம் போகும் நமது பாடசாலைத் தங்கைமாரில் இத்துறையை விரும்பிக் கேட்பவர்கள் குறைவு. அவர்களை நினைத்தே லூசி வில்ஸின் வரலாற்றை இம்மலருக்கு எழுதுகிறோம்.

இங்கிலாந்தின் பேமிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்த லூசி, கேம்பிறிட்ஜில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் பயின்று 1911 இல் தேறினார். பெண்களுக்குக் கேம்பிறிட்ஜ் 1948 வரை முழுமையான பட்டம் வழங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்தடுத்துத் தந்தையையும் அக்காவையும் இழந்தார். தென்னாபிரிக்கா சென்றிருந்தபோது முதலாம் உலகப் போர் மூண்டது. அங்கே தாதியாகப் பணிபுரிந்தார். திரும்பிவந்து இலண்டன் பெண்கள் மருத்துவப் பாடசாலையில் சேர்ந்து, 1920 இல் வைத்தியரானபோது வயது 32. சொந்தமாக வைத்தியம் பார்க்கப் போகாமல், றோயல் பிறீ வைத்தியசாலையில் இரசாயன நோயியல் பிரிவைத் தெரிந்தெடுத்தார்.

1928 இல் பம்பாய்க்குப் போனார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள், குறிப்பாகப் புடைவை ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள், கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். செங்குழியங்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. முதலில் கிருமித் தொற்றோ என்று தேடினார், அகப்படவில்லை. பிறகு அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்.

அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை வந்தது. ஈஸ்ற் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. ஆனால் எலிகளின் சோகைக்குக் காரணம் பேன் மூலம் பரவிய பாட்டொனெல்லா என்ற கிருமி என்று பின்னர் தெரியவந்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எத்தனை பெரிய அடி என்று புரியும். லூசி தளராமல் குரங்குகளிடம் சென்றார். சத்துக் குறைந்த உணவால் சோகை கண்ட குரங்கு, மாமைற் கொடுத்ததும் தேறியது. ஆம், நாம் பாணுக்குப் பூசுகிற, சுடுநீரில் கரைத்துக் குடிக்கிற அதே மாமைற்தான்.

கர்ப்பிணிகளுக்கும் அதையே கொடுத்தார். சில நாட்களில் இளஞ்செங்குழியங்கள் பெருகின. அந்நாளில் சோகைக்குக் கொடுக்கப்பட்ட ஈரற் சாற்றின் விலை ஏழைகளுக்கு எட்டாதது, மாமைற் மலிவு. 1931 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இதை வெளியிட்டார். குன்னூரிலும் சென்னையிலும் கூட அவரது ஆய்வு நடந்தது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். சுத்திகரிக்கப்படாத ஈரற் சாறு இந்நோய்க்கு உதவியது. நன்கு சுத்திகரித்தது உதவவில்லை. ஆகவே வேறு ஆபத்தான சோகையைக் குணமாக்கும் பொருள் வேறு, தாம் தேடுவது வேறு என்று உறுதிகொண்டார். பெயரில்லாத அப்பொருளை வில்ஸ் காரணி என்று அழைத்தார்கள். எங்கள் கணிப்பில் அவரது மிகக் கூரிய அவதானம் இதுதான். மாமைற் கதை பிரபலமானதால் இது மறைந்துபோயிற்று. 1941 இல் ஸ்பினாச் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடிய பொருள் அதுவே.

சைக்கிளில் வேலைக்கு வருவார், மலையேற்றத்தில் பிரியம், மணம் முடிக்கவில்லை. றோயல் பிறீயின் நோயியல் பிரிவுக்குத் தலைவியாயிருந்து 1947 இல் ஓய்வு பெற்றபின்னும் ஜமேக்கா, பிஜி என்று போய்ச் சோகையையும் உணவையும் ஆராய்ந்தார். 1964 ஏப்ரலில் காலமானார். கருத்தரிக்க முன்பே போலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடுகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என்பது 1991 இல்தான் நிரூபணமாயிற்று. கிளினிக்கில் மருத்துவமாது எங்கள் கையில் தந்த சிறிய மாத்திரை அது.