சதுப்பில் சோலை கண்ட மெக்ஐவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

கோயில் கட்டியவனைக் கல்வெட்டு சொல்லும். அணை கட்டியவனை ஆறு சொல்லும். தோட்டம் போட்டவனை யார் சொல்வது? பூவைக் காண வருபவர்கள் பூவை மட்டுமே காண்கிறார்கள். உதகமண்டலத்து அரசினர் தாவரவியல் பூங்காவிற்குச் சென்று, பச்சைக் கம்பளம் போன்ற அதன் புல்வெளியில் நின்று புகைப்படம் எடுத்துக் கொண்டவர்கள் நம் கல்லூரியிலும் பலர் உண்டு. அப்பூங்காவை வடிவமைத்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவரின் வாழ்க்கை, தாவரவியல் பயில்வோர் மட்டுமின்றி அனைவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

மெக்ஐவர் ஸ்காட்லாந்து நாட்டவர். இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்தில் தோட்டக்கலைப் பயிற்சி பெற்றவர். இளமையிலேயே அவர் மனம் பெரிய மரங்களிடம் செல்லவில்லை. ஈரப்பாறையில் ஒட்டி வளரும் மிகச் சிறிய செடிகளிடம் சென்றது. நாம் பிரையோஃபைட்டா பாடத்தில் படிக்கும் லிவர்வோர்ட் இனங்களைப் பிரிட்டனில் தேடிச் சேர்த்து, உலர்த்தி, 1847-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். பாசியின் மீது வைத்த இந்தப் பற்று பின்னாளில் அவருக்கு எப்படிக் கை கொடுத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்தில் உதகையில் குடியேறியிருந்த ஐரோப்பியர், 1845-இல் மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டி ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினர். அது நிலைக்கவில்லை. அதன் பின், சென்னை மாகாண ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபுவின் ஆதரவில் ஒரு தாவரவியல் தோட்டம் அமைக்க முடிவாயிற்று. அதற்குத் தக்க ஆளைக் கியூ தோட்டத்திடம் கேட்டனர். 1848-இல் மெக்ஐவர் உதகைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட இடமோ தொட்டபெட்டா மலைச்சரிவு. மேலே காடு, கீழே சதுப்பு. வேறொருவராயின் சமவெளி வேண்டுமென்று கேட்டிருப்பார். மெக்ஐவர் சரிவையே தம் துணையாக்கிக் கொண்டார். சேற்று நிலத்தின் நீரை வடித்துப் புல்வெளியாக்கினார். சரிவைப் படிப்படியாகத் திருத்தினார். வளைந்து வளைந்து ஏறும் பாதைகளை அமைத்தார். இங்கிலாந்தில் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளைச் சுற்றி அகன்ற புல்வெளியும், இயற்கையாக வளர்ந்தவை போலத் தோன்றும் மரக்கூட்டங்களும் அமைப்பது பதினெட்டாம் நூற்றாண்டு முதல் வழக்கம். அந்த முறையைத்தான் அவர் நம் மலைக்குக் கொண்டு வந்தார். நம் நெல்லையப்பர் கோயில் போன்ற தலங்களின் நந்தவனம் இறைவனுக்குப் பூக் கொடுப்பதற்கு. இந்தத் தோட்டம் கண்ணுக்கும் ஆராய்ச்சிக்கும். பணி முடியப் பத்தாண்டுகள் ஆயின.

இத்துடன் நின்றிருந்தால் அவர் நல்ல தோட்டக்காரர் என்ற பெயரோடு போயிருப்பார். ஆனால் காலம் அவரிடம் இன்னொரு பணியைக் கொடுத்தது. அது நம் பொருநைக் கரைக்கும் உறவுடையது.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவிப் பெருந்திரளான மக்களை மாய்த்தது. அதனை ஆராயக் கும்பெனி அரசு மருத்துவர் குழு ஒன்றையே அமைத்தது. குளிரும் நடுக்கமுமாக முறை வைத்து வரும் காய்ச்சலைக் கெட்ட காற்றின் விளைவு என்றே அன்று எண்ணினர். கொசுவே அதற்குக் காரணம் என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். காரணம் தெரியாவிட்டாலும் மருந்து தெரிந்திருந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டைதான் அம்மருந்து. நம் பெரியவர்கள் கொய்னா என்று சொல்லும் குவினைன் அதிலிருந்துதான் கிடைக்கிறது.

1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெரு நாட்டிலிருந்து சிங்கோனாக் கன்றுகளைக் கொண்டு வந்தார். நீண்ட கடற்பயணத்தில் வாடிப்போன அவை, நீலகிரி வந்ததும் ஏறக்குறைய முழுவதும் பட்டுப் போயின. பின்னர் ஈக்வடாரிலிருந்து விதைகளும் கன்றுகளும் வந்தன. அவற்றை மெக்ஐவர் உயிரினும் மேலாகப் பேணினார். விதைக்காகக் காத்திராமல் துண்டு நட்டும் பதியம் போட்டும் பெருக்கினார். ஜாவாவில் டச்சுக்காரர்கள் அடர்ந்த காட்டு நிழலில் நட்டனர். இவரோ வெயிலும் வெளிச்சமும் படும் திறந்த நிலத்தில் நட்டார். சில ஆண்டுகளிலேயே தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா இலட்சக்கணக்கில் தழைத்தது.

ஆனால் பட்டையை முழுதும் உரித்தால் மரம் சாகும்; உரிக்காவிட்டால் மருந்து இல்லை. இங்கேதான் அந்தப் பழைய பாசி நட்பு உதவிற்று. பட்டையை ஒன்றுவிட்டு ஒன்றாக நீளவாட்டில் உரித்தெடுத்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டினார். காயம் ஆறியது, புதுப்பட்டை வளர்ந்தது. அப்புதுப்பட்டையில் மருந்துச்சத்து முன்னிலும் மிகுந்திருப்பதை இலண்டனில் ஹோவர்டு என்ற வேதியியல் அறிஞர் சோதித்து உறுதி செய்தார். மரமும் பிழைத்தது, மருந்தும் கிடைத்தது.

புகழை மட்டும் எழுதிவிட்டு மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. அந்த மலை ஆளில்லாத மலையன்று. தோடர் பெருமக்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. இன்றும் பூங்காவின் மேற்புறத்தில் ஒரு தோடர் மந்து இருக்கிறது. பூவைப் பார்த்துத் திரும்புவோரில் எத்தனை பேர் அங்கு நின்று இதனைச் சிந்திக்கிறோம்? சிங்கோனாத் தோட்டங்களில் கைதிகளும் உழைத்தனர். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் அவர்களில் உண்டு. மெக்ஐவரின் பெயரை நூல்கள் சொல்கின்றன. குழி வெட்டியவர்களின் பெயரை மலைதான் அறியும்.

1876 ஜூன் 8-ஆம் நாள் மெக்ஐவர் காலமானார். உதகை புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். பின்னாளில் ஜாவாவின் உயர்ரகச் சிங்கோனா உலகச் சந்தையைப் பிடித்தது. செயற்கை மருந்துகளும் வந்தன. நீலகிரிச் சிங்கோனாவின் பெருமை மங்கிற்று. ஆனால் அவர் வகுத்த பூங்கா, இன்று 22 ஹெக்டேர் பரப்பில், தமிழ்நாடு தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் செழித்து நிற்கிறது.

நண்பர்களே! மண்வெட்டி பிடித்தவர்களின் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவன். படித்தால் மண்ணைத் தொட வேண்டியதில்லை என்று ஊரார் நம்மை வாழ்த்துகிறார்கள். அவ்வாழ்த்தின் அன்பை ஏற்போம். அதன் பொருளை ஏற்க வேண்டியதில்லை. வாய்க்காலில் நீர் எப்பக்கம் ஓடும், நாற்று எந்நாளில் வேர் பிடிக்கும் என்று நம் தந்தையர் அறிந்திருப்பதும் அறிவியலே. மெக்ஐவர் கையில் சேறும் இருந்தது. கருத்தில் ஆராய்ச்சியும் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததால் சதுப்பு சோலையாயிற்று, பாசி மருந்துக்குத் துணையாயிற்று. தாமிரபரணிக் கரையிலும் நடுவதற்கு இடம் உண்டு. நம்மிடம் கைகளும் உண்டு. பட்டம் பெற்ற பின்னும் அக்கைகளில் மண் ஒட்டியிருக்கட்டும்!