தங்கைக்காக எழுந்த மருத்துவமனை



ஒரு பெண் கல்லூரியில் சேர்வதற்கு மன்னரே அனுமதி தர வேண்டியிருந்தது என்றால் நம்புவீர்களா? அந்தப் பெண்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்தனர். முத்துலட்சுமி சேர வந்தபோது பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டரானார்.

அவருக்கு ஒரு பெரிய துயரம் வந்தது. ஆசைத் தங்கை புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை சென்னையில் இல்லாத காலம் அது.

இந்த வேதனை இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்று முத்துலட்சுமி உறுதி பூண்டார். லண்டன் சென்று புற்றுநோய் பற்றிப் படித்தார். சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகிப் பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்டார். ஆதரவற்ற சிறுமிகளுக்காக 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார். இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தங்கையை மறக்கவில்லை.

பலரிடம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல், அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67!

1968-ல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய மருத்துவமனையோ பெரிதாக வளர்ந்து, ஏழை எளியோருக்கும் சிகிச்சை அளித்து வருகிறது.

உங்களுக்கும் துயரம் வரலாம், செல்வங்களே. அழுங்கள், தவறில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே துயரத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உதவ எழுந்திருங்கள்!