பியேர் ஃபோஷார்

பியேர் ஃபோஷார் (1678 – மார்ச் 22, 1761) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆவார். இவர் நவீன பல் மருத்துவத்தின் தந்தை எனக் கருதப்படுகிறார். 1728 ஆம் ஆண்டில் பாரிசில் வெளியான இவரது இரு தொகுதி நூல், பற்களின் அமைப்பு, நோய்கள், சிகிச்சை, இழந்த பற்களுக்கு ஈடாகச் செயற்கைப் பற்களைப் பொருத்துதல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே தொகுத்துக் கூறிய முதல் அறிவியல் நூலாக மதிக்கப்படுகிறது. பல்லைப் பிடுங்குவதே பல் வைத்தியம் என்றிருந்த காலத்தில், இயன்றவரை பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றும், காப்பாற்ற இயலாது போன பல்லின் இடத்தை வெற்றிடமாக விடலாகாது என்றும் இவர் வலியுறுத்தினார். தம் தொழிலின் நுணுக்கங்களை மறைத்து வைக்காமல் எல்லோரும் அறிய எழுதி வெளியிட்டது இவரது தனிச்சிறப்பாகும்.

இளமையும் கடற்படைப் பணியும்

ஃபோஷார் பிரான்சின் வடமேற்குப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இவர் பிறந்த ஆண்டு 1678 என்று நூல்களில் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. ஏறத்தாழ பதினைந்து வயதில் பிரெஞ்சு அரச கடற்படையில் சேர்ந்தார். அங்கு அலெக்சாந்தர் பொத்தெலரே என்னும் தலைமை அறுவை மருத்துவரிடம் பயிற்சி பெற்றார். வாய், பல் நோய்களில் தனி ஈடுபாடு கொண்டிருந்த பொத்தெலரேயே தமக்கு இத்துறையின் அடிப்படைகளைக் கற்பித்தவர் என்று ஃபோஷார் பிற்காலத்தில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

அக்காலத்தில் நெடுங்கடற்பயணம் மேற்கொண்ட மாலுமிகளிடையே ஸ்கர்வி என்னும் நோய் மிகுதியாகக் காணப்பட்டது. இந்நோய் உயிர்ச்சத்து சி குறைவதால் ஏற்படுவது. ஈறுகள் வீங்கிக் குருதி கசிதல், பற்கள் ஆட்டங்கண்டு விழுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். நோயின் காரணம் அன்று விளங்காதிருந்தது. எனினும் சொத்தையில்லாத பற்களும் ஈறு கெட்டால் விழுந்துவிடும் என்பதை நேரில் காணும் வாய்ப்பு இளம் வயதிலேயே ஃபோஷாருக்குக் கிடைத்தது. ஈறு நோய்கள் பற்றி இவர் பின்னாளில் விரிவாக எழுதியதற்கு இந்த அனுபவம் துணைபுரிந்தது.

பல் மருத்துவத் தொழில்

கடற்படையை விட்டு வந்த பின்னர் ஃபோஷார் மேற்குப் பிரான்சில் உள்ள ஆன்ஜே நகரில் பல் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். சுற்றியுள்ள நகரங்களுக்கும் சென்று சிகிச்சை அளித்தார். 1720 ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிசு நகரில் குடியேறினார்.

அன்றைய பாரிசில் பல் தொழில் பல தரப்பினர் கையில் இருந்தது. 1699 ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, பல் வைத்தியம் செய்வோர் அறுவை மருத்துவர் கழகத்தின் தேர்வில் தேறிப் பல் வல்லுநர் என்ற தகுதி பெற வழி செய்திருந்தது. ஆயினும் சந்தைகளிலும் பாலங்களிலும் நின்று பல் பிடுங்குவோர் மக்களிடையே செல்வாக்குடன் திகழ்ந்தனர். இவர்களுள் கிரான் தோமா (பெரிய தோமா) என்று அழைக்கப்பட்டவர் மிகவும் புகழ் பெற்றவர். இவர் சேன் ஆற்றின் குறுக்கே உள்ள புதுப்பாலத்தில் பகட்டான உடையுடன் மேடையில் நின்று, கூட்டத்தின் நடுவே பல் பிடுங்கி வந்தார்.

இத்தகைய தெருவோர வித்தைக்காரர்களின் ஏமாற்று வேலைகளை ஃபோஷார் தம் நூலில் வெளிப்படையாகக் கண்டித்தார். கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆள் நோயாளியைப்போல் முன்வருவதும், அவன் வாயில் முன்னரே மறைத்து வைக்கப்பட்ட பல்லை வலியின்றிப் பிடுங்கியதாகக் காட்டுவதும் இவற்றுள் அடங்கும். பல் வல்லுநர்களைத் தேர்வு செய்யும் குழுவில் பல் மருத்துவத்தில் தேர்ந்தவர் ஒருவராவது இடம்பெற வேண்டும் என்பதும் இவரது கருத்தாகும்.

நூல் வெளியீடு

ஃபோஷார் 1723 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 600 பக்கங்கள் கொண்ட கையெழுத்துப் படியை முடித்தார். உடனே அச்சுக்கு அனுப்பாமல், அன்றைய பெயர்பெற்ற மருத்துவர்களுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் அதைக் காட்டி அவர்களின் கருத்துகளைப் பெற்றார். திருத்தங்களுக்குப் பின் 1728 ஆம் ஆண்டில் நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ‘அறுவைப் பல் மருத்துவர்’ என்று பொருள்படும் தலைப்புடைய இந்நூல் கருவிகள், செயற்கைப் பற்கள் முதலியவற்றைக் காட்டும் ஏறத்தாழ நாற்பது செதுக்குப் படங்களையும் கொண்டிருந்தது. இதன் செருமானிய மொழிபெயர்ப்பு 1733 இலும், விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1746 இலும் வெளியாயின.

அக்காலத்தில் பல் கட்டுவோர் தம் முறைகளைத் தொழில் இரகசியமாகக் காத்து வந்தனர். அறிந்தவர் இறந்தால் அவருடைய நுட்பமும் அவருடன் மறைந்தது. ஃபோஷார் தாம் பயன்படுத்திய கருவிகளின் வடிவம், செயற்கைப் பல் செய்யும் முறை, தாம் கண்ட நோயாளிகளின் நிலை ஆகியவற்றை ஒளிவுமறைவின்றி எழுதினார். ஒருவர் செய்ததை மற்றவர் சோதித்துப் பார்க்கவும் திருத்தவும் இதனால் வழி பிறந்தது.

நோய்கள் பற்றிய கருத்துகள்

பற்சொத்தைக்குப் பல்லினுள் வாழும் புழுவே காரணம் என்ற நம்பிக்கை பண்டைய மெசொப்பொத்தேமியா காலம் தொட்டு உலகின் பல பகுதிகளில் நிலவி வந்தது. தமிழில் சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்று கூறும் வழக்கும் இத்தகைய நம்பிக்கையின் சுவடே. ஃபோஷார் சொத்தைப் பற்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அவற்றில் அப்படிப்பட்ட புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். இனிப்பு மிகுதியாக உண்பது பற்களுக்குக் கேடு விளைவிக்கும் என்றும் எச்சரித்தார். சொத்தையை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் சர்க்கரையிலிருந்து அமிலத்தை உருவாக்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விளக்கப்பட்டது.

சொத்தையான பகுதியைச் சுரண்டி நீக்கிவிட்டு, குழியை ஈயம், வெள்ளீயம், தங்கத் தகடு ஆகியவற்றால் அடைக்கும் முறைகளை இவர் விவரித்தார். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்தினார். பற்களில் படியும் காறையை நீக்குவதற்கான கருவிகளைப் படத்துடன் விளக்கினார். ஈறு சுருங்கிச் சீழ் வடிந்து பற்கள் விழும் நோயைப் பற்றி இவர் எழுதிய விளக்கம் காரணமாக, அந்நோய் நெடுங்காலம் ஃபோஷார் நோய் என்றே வழங்கப்பட்டது.

நோயாளியைத் தரையில் அமர்த்தி, அவரது தலையை வைத்தியர் தம் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக் கொள்வது அன்றைய வழக்கம். இதை ஃபோஷார் எதிர்த்தார். உறுதியான கைப்பிடி நாற்காலியில் நோயாளியை வசதியாக அமர்த்தி, நல்ல வெளிச்சத்தில் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். மயக்க மருந்து இல்லாத காலத்தில் இது நோயாளியின் அச்சத்தைக் குறைக்க உதவியது.

இழந்த பற்களுக்கு மாற்று

பற்கள் உணவை மெல்லுவதற்கும், சொற்களைத் தெளிவாக ஒலிப்பதற்கும், முகத் தோற்றத்திற்கும் இன்றியமையாதவை என்பது ஃபோஷாரின் அடிப்படைக் கருத்து. எனவே இழந்த பல்லுக்கு மாற்றுச் செய்வதை இவர் ஒப்பனைக் கலையாகக் கருதாமல் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதினார். நூலின் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது.

செயற்கைப் பற்கள் செய்வதற்கு மனிதப் பற்கள், நீர்யானையின் பல், யானைத் தந்தம், எருதின் எலும்பு முதலிய பொருள்களை இவர் பயன்படுத்தினார். பொருத்தும் முறை, எஞ்சியிருக்கும் பற்களின் நிலையைப் பொறுத்து வேறுபட்டது.

ஓரிரு பற்கள் மட்டும் இல்லாதபோது, செயற்கைப் பல்லில் துளையிட்டு, நூலாலோ தங்கக் கம்பியாலோ பக்கத்துப் பற்களுடன் கட்டினார். பல்லின் மேற்பகுதி மட்டும் சிதைந்து வேர் உறுதியாக இருந்தால், வேரினுள் சிறிய உலோகத் தண்டைப் பொருத்தி அதன்மேல் புதிய பல்லை நிறுத்தினார். இன்று வேர்ச் சிகிச்சை செய்த பல்லில் தண்டு வைத்து மேலுறை பொருத்தும் முறைக்கு இதுவே முன்னோடி எனலாம்.

மேல்தாடையில் பற்கள் முழுவதும் இல்லாத நிலையே மிகக் கடினமானதாக இருந்தது. கீழ்வரிசையை நாக்கும் கன்னமும் ஓரளவு தாங்கும். மேல்வரிசையோ வாயைத் திறந்தவுடன் கீழே விழுந்துவிடும். இதற்குத் தீர்வாக, மேல்வரிசையைக் கீழ்த்தாடையுடன் இணைத்து மேல்நோக்கித் தள்ளும் எஃகு வில்களை ஃபோஷார் அமைத்தார். ஈற்றின் நிறத்தை ஒத்த எனாமல் பூச்சை உலோகத் தகட்டின்மேல் சுட்டுப் பதிக்கும் முறையையும் விவரித்தார். அண்ணத்தில் துளை விழுந்ததால் பேசவும் உண்ணவும் இயலாது துன்புற்றவர்களுக்கு, அத்துளையை மூடும் கருவிகளையும் இவர் உருவாக்கினார்.

கோணலாக வளர்ந்த பற்களை நேராக்கவும் இவர் முயன்றார். துளைகளிடப்பட்ட தங்க அல்லது வெள்ளிப் பட்டையைப் பல்வரிசையை ஒட்டி வைத்து, கோணலான பற்களை நூலால் அதனுடன் கட்டி மெல்ல நகர்த்தும் முறை, இக்காலப் பல் சீரமைப்புக் கம்பிகளின் தொடக்க வடிவமாகும்.

குறைபாடுகள்

ஃபோஷாரின் கருத்துகள் அனைத்தும் காலத்தை வென்று நிற்கவில்லை. உடலில் உள்ள நீர்மங்களின் சமநிலை கெடுவதே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கையிலிருந்து இவர் முழுமையாக விடுபடவில்லை. பல்வலிக்குத் தம் சொந்தச் சிறுநீரால் வாய் கொப்பளிக்குமாறும் இவர் பரிந்துரைத்தார். பற்குழியை அடைக்கப் பயன்படுத்திய ஈயம் நச்சுத் தன்மை உடையது என்பது இன்று அறியப்பட்டதே.

ஒருவரது பல்லைப் பிடுங்கி மற்றொருவரது வாயில் நடும் முறையையும் இவர் தம் நூலில் பதிவு செய்துள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது செல்வர்களிடையே பரவியது. பணத்தேவை உள்ள ஏழைகளே தம் பற்களை விற்றனர். நடப்பட்ட பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. அவற்றின் வழியே நோய்கள் தொற்றும் அச்சமும் எழுந்ததால் இம்முறை கைவிடப்பட்டது.

தந்தத்தாலும் எலும்பாலும் செய்த பற்கள் உமிழ்நீரில் ஊறி நிறம் மாறின, துர்நாற்றமும் வீசின. வில்கள் தாடையை அழுத்தித் துன்புறுத்தின. எனினும் இதைவிடச் சிறந்த வழி அன்று இல்லை. ஃபோஷார் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும், அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்களால் இயங்கும் பல்வரிசைகளையே அணிய வேண்டியிருந்தது.

குடும்பமும் இறுதிக் காலமும்

ஃபோஷார் மூன்று முறை திருமணம் செய்து கொண்டார். தொழிலில் செல்வமும் புகழும் ஈட்டிய இவர், 1734 ஆம் ஆண்டில் பாரிசுக்கு அருகே கிரான் மெனில் என்ற மாளிகையை வாங்கினார். இவருடைய மகன் ஷான் பத்தீஸ்து தந்தையின் தொழிலைத் தொடராமல் நாடக நடிகரானார். அம்மாளிகையின் பெயரையே மேடைப்பெயராகச் சூட்டிக்கொண்டு பிரெஞ்சு நாடக உலகில் புகழ் பெற்றார். ஃபோஷார் 1761 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆம் நாள் பாரிசில் காலமானார்.

தாக்கமும் நினைவும்

ஃபோஷாரின் நூலைத் தொடர்ந்து பிரான்சில் பல் மருத்துவ நூல்கள் பல எழுந்தன. செருமனியில் பிலிப் பாஃப் 1756 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் ஜான் ஹண்டர் 1771 ஆம் ஆண்டிலும் பற்கள் பற்றிய நூல்களை வெளியிட்டனர். தந்தப் பற்களின் குறையை நீக்கும் பீங்கான் பற்களை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சைச் சேர்ந்த துஷாத்தோ, துபுவா தெ ஷெமான் ஆகியோர் உருவாக்கினர். உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் நிறுவப்பட்டது.

ஃபோஷாரின் நூலை லிலியன் லிண்ட்சே 1946 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். இவர் பிரித்தானியாவில் தகுதி பெற்ற முதல் பெண் பல் மருத்துவர் ஆவார். அமெரிக்காவில் 1936 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பல் மருத்துவ அமைப்பு ஒன்று பியேர் ஃபோஷார் கழகம் என்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவரது இருநூறாவது நினைவு ஆண்டான 1961 இல் பிரெஞ்சு அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

ஃபோஷார் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்த அறுவைப் பல் மருத்துவர் என்ற சொல்லே இன்றும் பிரான்சில் பல் மருத்துவரைக் குறிக்கும் சட்டப்படியான பட்டமாக விளங்குகிறது.