கடல் கடந்த ஆங்கில ஆசிரியர்

அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு மாறுதல் உத்தரவு புதிதன்று. கல்வியாண்டின் நடுவில் உத்தரவு வரும். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு புதிய ஊருக்குச் செல்வோம். அங்கே வீடு கிடைக்க வேண்டும், தண்ணீர் ஒத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்திற்குச் செல்வதே நமக்கு இவ்வளவு மலைப்பாக இருக்கிறது. மொழி தெரியாத நாட்டில், ஒற்றைக் கண் பார்வையோடு, பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றில் பெரும்பகுதியை வகுப்பறையிலே கழித்த ஒருவரைப் பற்றி எண்ணிப் பார்த்தால் நம் குறைகள் சிறியனவாகிவிடும். அவர்தாம் லாஃப்காடியோ ஹெர்ன். ஜப்பானியப் பேய்க்கதைகளைத் தொகுத்தவர் என்ற முறையில் அவர் பெயரைச் சிலர் கேட்டிருக்கலாம். ஆசிரியராக அவர் பட்ட பாட்டை அறிந்தவர் குறைவு.

ஹெர்ன் 1850இல் கிரேக்க நாட்டு லெஃப்காடா தீவில் பிறந்தார். தீவின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தாய் கிரேக்கப் பெண்மணி. தந்தை ஆங்கிலப் படையில் மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர். குழந்தை டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்டது. புதிய ஊரும் குளிரும் ஒத்துக்கொள்ளாத தாய் மகனை விட்டுவிட்டுத் தாய்நாடு திரும்பினாள். தந்தை வேறு திருமணம் செய்துகொண்டு இந்தியாவிற்கு வந்தார். 1866இல் திரும்பும் வழியில் சூயெசில் இறந்தார். பையனை வளர்த்தவள் தந்தை வழியில் ஒரு முதியவள். பதினாறாம் வயதில், பள்ளி விளையாட்டில் நேர்ந்த விபத்தில் இடக்கண்ணின் ஒளி போயிற்று. மற்றக் கண்ணும் கிட்டப்பார்வை உடையது. பிற்காலப் புகைப்படங்களில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டோ குனிந்தோதான் காணப்படுகிறார். அந்த வெட்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

பத்தொன்பது வயதில் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்சிலும் பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகள் சென்றன. அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1890 ஏப்ரலில் ஒரு பதிப்பகத்திற்காகக் கட்டுரைகள் எழுத யோகஹாமா வந்து இறங்கினார். சில நாட்களிலேயே அந்தப் பதிப்பகத்தோடு மனம் முறிந்தது. கையில் பணமில்லை. அப்போது டோக்கியோவில் இருந்த சேம்பர்லின் என்ற ஆங்கிலப் பேராசிரியர் முதலியோரின் உதவியால் ஒரு வேலை கிடைத்தது. ஜப்பான் கடலோரத்தில், தலைநகரிலிருந்து வெகு தொலைவில் உள்ள மாட்சுவே என்னும் சிற்றூரில் ஆங்கில ஆசிரியர் பணி. சம்பளம் மாதம் 100 யென். வேலை தேடி அவர் ஆசிரியரானாரே அன்றி, ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையால் ஆகவில்லை. இதில் குறை காண ஏதுமில்லை. நம்மில் பலரும் அப்படி வந்தவர்களே!

1890 ஆகஸ்டு 30ஆம் நாள் ஹெர்ன் மாட்சுவே சேர்ந்தார். நடுநிலைப் பள்ளி ஒன்று, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று. இரண்டிலும் பாடம் நடத்த வேண்டும். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மாணவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. இடையே பாலமாக இருந்தவர் நிஷிதா செண்டாரோ என்னும் இளம் ஆசிரியர். கடைக்குச் செல்வது முதல் மேலதிகாரியிடம் பேசுவது வரை அனைத்திற்கும் நிஷிதாவே துணை. வெளியூர் செல்லும் ஆசிரியனுக்கு இப்படி ஒரு நண்பர் வாய்ப்பது முன்செய்த தவம் என்றே சொல்ல வேண்டும். காசநோய் பற்றியிருந்த அந்த நண்பர் 1897இல் மறைந்தபோது ஹெர்ன் அடைந்த துயரத்திற்கு அளவில்லை.

ஹெர்ன் முதலில் தங்கிய விடுதியில் கண்நோயால் வருந்திய ஒரு சிறுமி இருந்தாள். அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி எத்தனை முறை சொல்லியும் விடுதிக்காரர் அசட்டையாக இருந்தார். ஒரு கண்ணை இழந்தவருக்கு இது பொறுக்குமா? சினந்து விடுதியை விட்டே வெளியேறினார்.

அந்த ஆண்டுக் குளிர்காலம் மிகக் கொடியது. காகிதக் கதவுகள் கொண்ட வீட்டில் கரிக்கணப்பு ஒன்றே சூடு. வெப்பமண்டலத் தீவுகளை விரும்பிய ஹெர்ன் மார்புச் சளியால் படுத்துவிட்டார். ஜப்பானியரைப் போலவே உண்டு வாழ்வேன் என்று தொடங்கியவர், உடம்பு தேற மாட்டிறைச்சிக்கும் பீருக்கும் திரும்ப நேர்ந்தது. அதைச் சற்று நாணத்தோடு நண்பருக்கு எழுதி ஒப்புக்கொண்டார். அயல்நாட்டை எவ்வளவு நேசித்தாலும் வயிறு ஒத்துக்கொள்ள வேண்டுமே!

அவரைக் கவனித்துக்கொள்ள வந்தவள்தான் செட்சு. கொய்சுமி என்னும் சாமுராய்க் குடியில் பிறந்த அவளுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. மெய்ஜி ஆட்சியின் மாற்றங்களால் சாமுராய்கள் மானியம் இழந்து வறுமையுற்ற காலம் அது. ஏற்கெனவே கணவனால் கைவிடப்பட்டவள். ஹெர்னுக்கோ நாற்பது வயது. இருவரும் இல்லறம் தொடங்கினர். அவள் ஆங்கிலச் சொற்களை ஜப்பானிய எழுத்தில் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டாள். அவர் இலக்கணமில்லாத ஜப்பானிய மொழி பேசினார். வேற்றுமை உருபும் வினை விகுதியும் உதிர்ந்துபோன அந்த மொழி அவ்வீட்டார்க்கு மட்டுமே புரிந்தது. அதற்கு ஹெர்ன் மொழி என்றே பெயர். அந்த மொழியில்தான் பின்னர் அவள் அவருக்குப் பழங்கதைகளைச் சொன்னாள். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, தன் சொற்களில், தானே உணர்ந்து சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. விளக்கைச் சிறிதாக்கிக் கதை கேட்டு அவரே அஞ்சி வெளிறுவாராம்!

வகுப்பறைக்கு வருவோம். மாட்சுவே மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியபோது ஹெர்னுக்கு முதலில் எழுந்தது வியப்பும் சலிப்பும் கலந்த உணர்ச்சி. இருபது பேர் எழுதினாலும் ஒருவர் எழுதியது போலவே இருந்தது. அதே உவமை, அதே நீதி. விடைத்தாள் கட்டைப் பிரித்து அமரும் நமக்கும் இது பழகிய சலிப்புத்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இவ்வுவமைகள் சோம்பலால் வந்தவை அல்ல, தலைமுறை தலைமுறையாகச் சிறுவயதிலேயே மனத்தில் ஊன்றப்பட்டவை என்று கண்டார். திருத்துவதற்காகக் கையில் எடுத்த தாள்களே அந்நாட்டை அவருக்கு அறிமுகம் செய்தன. 1894இல் வெளிவந்த அவருடைய ஜப்பான் நூலில் ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பாக இவையெல்லாம் இடம்பெற்றன.

அந்த நாட்குறிப்பில் யோகோகி என்னும் மாணவனைப் பற்றி வரும் பகுதியை எளிதில் மறக்க முடியாது. ஏழைத் தச்சனின் மகன்; நன்றாகப் படிப்பவன். நோயுற்றுப் படுத்தான். இறப்பதற்கு முன் பள்ளிக்கூடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டான். குளிர்ந்த இரவில் வேலைக்காரர் ஒருவர் அவனை முதுகில் சுமந்து சென்று இருளில் நின்ற கட்டடத்தைக் காட்டினார். பார்த்து மகிழ்ந்து திரும்பினான். அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. உயிர்போகும் வேளையில் பள்ளியை நினைக்கும் மாணவன் உள்ள ஊரில் எந்த ஆசிரியனுக்கும் மனம் ஒட்டிவிடும்.

ஆனால் மாட்சுவேயில் அவர் இருந்தது பதினைந்து மாதங்களே. குளிர் ஒரு காரணம். செலவு மற்றொரு காரணம். செட்சுவைப் பெற்றவர்கள், வளர்த்தவர்கள், முதியோர், வேலையாட்கள் எனப் பலரைத் தாங்கும் பொறுப்பு அவர் தோளில் ஏறியது. 1891 நவம்பரில் தெற்கே குமாமோட்டோவில் உள்ள ஐந்தாம் உயர்நடுநிலைப் பள்ளிக்குச் சென்றார். சம்பளம் 200 யென்னாக இரட்டித்தது, மகிழ்ச்சி பாதியாகியது. 1877 உள்நாட்டுப் போரில் எரிந்து, பின்னர் அவசரத்தில் கட்டப்பட்ட படைவீரர் நகரம் அது. பழைய கோயில்களும் விழாக்களும் எங்கே என்று தேடினார். மாணவர்கள் வயதில் மூத்தவர்கள், இறுகிய முகத்தினர். வீட்டிற்கு வந்து பேசுபவர் அரிது. ஆங்கிலத்தோடு இலத்தீனும் கற்பிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் அறையில் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கிழவர் அகிசுகி ஒருவர்தாம் விதிவிலக்கு. சீன இலக்கியம் கற்பித்த அந்த முதிய சாமுராயை ஹெர்ன் தெய்வம் போலப் போற்றினார். மற்றபடி இடைவேளையில் பள்ளிக்குப் பின்னுள்ள குன்றேறி, பழைய இடுகாட்டில் இருந்த புத்தர் கற்சிலையின் அருகே உட்கார்ந்து பொழுதைக் கழிப்பார். இந்த அனுபவம் ஒரு கட்டுரையாக மலர்ந்தது என்பது நமக்கு இலாபம். அந்தத் தனிமை அவருக்கு எவ்வளவு நட்டமோ!

இவற்றோடு வேலை நிலையாமையும் வாட்டியது. அயல்நாட்டு ஆசிரியர்களுக்கு ஒப்பந்தம்தான். அது புதுப்பிக்கப்படுமா என்ற கவலை எப்போதும் உண்டு. துறைமுக நகரங்களுக்கு அப்பால் பயணம் செய்ய அயல்நாட்டார்க்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். இந்தச் சூழ்நிலையில் 1893 நவம்பரில் மூத்த மகன் கசுவோ பிறந்தான். இனி நினைத்தபோது ஊர்விட்டு ஊர் ஓட முடியாது.

1894இல் ஆசிரியப் பணியையே உதறிவிட்டுக் கோபே நகரில் ஓர் ஆங்கில நாளிதழில் சேர்ந்தார். நாள்தோறும் தலையங்கம் எழுதியதில் எஞ்சியிருந்த கண்ணும் வீங்கி, சில வாரங்கள் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. தாம் இறந்துவிட்டால் மனைவி மக்களின் கதி என்ன என்ற கேள்வி அப்போதுதான் பூதமாக எழுந்தது. அந்நாள் சட்டப்படி அயல்நாட்டாரை மணந்ததாகப் பதிவு செய்தால் செட்சு தன் நாட்டுக் குடியுரிமையை இழப்பாள். இதற்கு ஒரே வழி அவரே ஜப்பானியராவது. 1896இல் மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுக் கொய்சுமி யாக்குமோ ஆனார். யாக்குமோ என்றால் எட்டு முகில் என்று பொருள். மாட்சுவே அமைந்த இசுமோ நாட்டைக் குறிக்கும் பழம்பாடல் சொல். அவர் ஜப்பானின் அழகில் மயங்கிக் குடியுரிமை பெற்றார் என்றே பலரும் எழுதுகின்றனர். மயக்கம் இருந்தது உண்மை. ஆனால் ஒரு குடும்பத் தலைவனின் அச்சமே அதைச் செய்வித்தது என்பது என் கருத்து.

அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். டோயாமா என்னும் பேராசிரியர் விரும்பி அழைத்த பதவி. சம்பளம் 400 யென். அவரிடம் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை! பட்டத்தைப் பாராமல் எழுத்தைப் பார்த்து அழைத்த டோயாமாவை நாம் வணங்கலாம். ஆனால் தலைநகரம் ஹெர்னுக்குப் பிடிக்கவில்லை. துணியில் கட்டிய புத்தகங்களோடு கைரிக்‌ஷாவில் வருவார். சக ஆசிரியர்களின் அறைக்குள் நுழையாமல், பல்கலைக்கழகத் தோட்டத்துக் குளக்கரையில் நடந்து மணியடிக்கக் காத்திருப்பார். விழாநாட்களில் நீண்ட கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணியச் செய்வதற்குள் செட்சுவின் பாடு பெரும்பாடு. எல்லாரும் தமக்கு எதிராகச் சதி செய்வதாக ஓர் ஐயமும் அவரிடம் வளர்ந்தது. பழைய நண்பர் சேம்பர்லினையும் இழந்தார். இந்தக் குறையை மறைப்பதற்கில்லை. வீட்டருகே நாள்தோறும் உலாவி வந்த கோயிலில் முதுமரங்களை வெட்டிவிட்டார்கள் என்பதற்காகவே அந்த இடம் வெறுத்து 1902இல் வீடு மாறியவர் அவர்.

வகுப்பில் மட்டும் அவர் வேறு மனிதர். குறிப்புத்தாள் எதுவும் கிடையாது. ஆங்கிலம் காதில் பழகாத மாணவர்கள் சொல்சொல்லாக எழுதிக்கொள்ளும்படி மெதுவாக, எளிய சொற்களில் பேசுவார். மேலைநாட்டுக் கவிதையின் காதல், பேய், பூச்சி, பூ எல்லாவற்றையும் ஜப்பானிய உள்ளத்திற்கு எட்டும் வழியில் எடுத்துரைப்பார். வறிய மாணவருக்குத் தம் நூல் வேலையில் உதவும் சாக்கில் படிப்புச் செலவு கொடுத்ததும் உண்டு. வீட்டிலோ, அவருக்கென்றே செய்த உயர்ந்த மேசையில், தாளில் மூக்கு உரசும்படி குனிந்து இரவெல்லாம் எழுதுவார்.

டோயாமா 1900இல் மறைந்தார். ஆதரவு போயிற்று. 1903 ஜனவரியில், மார்ச்சோடு பணி முடிகிறது என்று ஒரு கடிதம் வந்தது. ஆறரை ஆண்டு உழைப்பிற்கு நேரில் ஒரு சொல் இல்லை. மாணவர்கள் கூடிக் கிளர்ந்தெழுந்தனர்; நிருவாகம் இறங்கிவந்து, குறைந்த மணி நேரத்திற்குக் குறைந்த ஊதியம் தருவதாகச் சொன்னது. ஹெர்ன் மறுத்துவிட்டார். அரசின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அயல்நாட்டில் பயின்று திரும்பும் தம் மக்களுக்கு இடம் தர வேண்டுமல்லவா? அப்படித் திரும்பியவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர் நாட்சுமே சோசெகி. லண்டனில் இரண்டாண்டு தனிமையில் வெந்து திரும்பிய அவர்தாம், ஹெர்ன் நின்ற இடத்தில் போய் நிற்க நேர்ந்தது. மாணவர்கள் அவரை முகம் சுளித்தே வரவேற்றனர். விந்தை என்னவெனில், குமாமோட்டோ பள்ளியிலும் சோசெகி ஹெர்னுக்குப் பின் ஆங்கிலம் கற்பித்தவர்.

வீட்டிலிருந்த ஹெர்ன் மகன் கசுவோவுக்கு நாள்தோறும் ஆங்கிலம் கற்பித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த அழைப்பும் கைநழுவியது. 1904இல் வசேதாவில் மீண்டும் வகுப்பெடுத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் குவைதான் என்னும் பேய்க்கதை நூல் வெளிவந்தது. செப்டம்பர் 26ஆம் நாள் மாலை, நெஞ்சுவலியால், ஐம்பத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார். டோக்கியோவில் சோஷிகயா இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சோசெகியும் அதே இடுகாட்டிற்கு வந்து சேர்ந்தார்.

டோக்கியோ வகுப்புகளில் ஹெர்ன் பேசியவற்றுக்கு அவர் கையெழுத்துப் படி எதுவும் இல்லை. மாணவர்கள் சிலர் தாங்கள் எழுதிய நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தனர். நண்பர் ஒருவரின் முயற்சியால் அவை கடல் கடந்து அமெரிக்காவிற்குச் சென்றன. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்ஸ்கின் அவற்றை ஒழுங்குபடுத்தி 1915இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.