முதலையாற்றின் வழியே மீண்டவர்

மூதூருக்குப் பாலங்கள் அமையாத நாட்களில், திருகோணமலையிலிருந்து இயந்திரப் படகிலேறிக் கொட்டியாரக் குடாவைக் கடப்போம். மகாவலி வந்து கலக்கும் அக்கழிமுகங்களில் செம்மூக்கு முதலைகள் உண்டு என்று பெரியோர் எங்களை எச்சரிப்பர். றொபேட் நொக்ஸின் வரலாற்றைப் பின்னாளில் கற்றபோது, அந்த எச்சரிக்கைதான் என் நினைவுக்கு வந்தது.

‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதுமரம் நாட்டுவதற்கென்று அது கொட்டியாரத்துக்கு வந்தது. கப்பற்றலைவர் தந்தையார், அவர் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். உடன் வந்த மகனுக்கு வயது 19. 1660 ஏப்ரலில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் திசாவை படையொடு வந்து அவர்களைச் சிறைப்பிடித்தான். தந்தையார் மூதூரில் ஒரு புளியமரத்தடியில் அகப்பட்டார். அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்லொன்று 1893இல் அங்கே நாட்டப்பட்டது.

கப்பலிலிருந்தோருக்குச் செய்தி கொண்டு செல்லுமாறு மகனை அனுப்பினர். கப்பலில் ஏறிய மகன் அங்கேயே தங்கியிருக்கலாம், தடுப்பார் எவருமிலர். அவரோ, தந்தையார் கரையில் இருக்கிறார் என்பதற்காகத் திரும்பி வந்தார். அவர் வாழ்வில் நான் மிக மதிப்பது இச்செயலையே.

மறு ஆண்டு பெப்ரவரியில் தந்தையார் காய்ச்சலால் மாண்டார். மகன் தம் கையாலேயே புதைத்தார். பின்னர் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலந் தள்ளினார். ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில விவிலியமொன்றையும் வாங்கிக் கொண்டார்.

1679 செப்டெம்பரில், தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் வணிகரைப் போல் வடதிசை நோக்கிப் புறப்பட்டார். அனுராதபுரத்தில் இருந்தோர் தமிழ் பேசினர். இவருடைய சிங்களம் அங்கே செல்லவில்லை! உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லித் தப்பினர்.

அப்பால் மல்வத்து ஓயா. தமிழர் அருவியாறு என்பர். அதன் கரையைப் பற்றியே இருவரும் காட்டினூடே நடந்தனர். வழிநெடுக அவ்வாற்றில் ‘அலிகேட்டர்கள்’ நிறைந்திருந்தன என்று நொக்ஸ் எழுதுகிறார். அலிகேட்டர் அமெரிக்காவுக்கும் சீனத்துக்கும் உரியது; ஈழத்தில் இல்லை. அக்கால ஆங்கிலேயர், பல்லியைக் குறிக்கும் இசுப்பானியச் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயரை எல்லா முதலைக்கும் வழங்கினர். இவர் கண்டவை நம் குளங்களிலும் ஆறுகளிலும் கிடக்கும் முதலைகளே.

அவை பாய்ந்ததாக அவர் எதுவும் சொல்லவில்லை. அவரை நடுங்கச் செய்தது மனிதனின் கண். காட்டில் எவனாவது கண்டு சொல்லிவிட்டால் மறுபடியும் கண்டிதான். முதலைக்கு அவர் எந்த அரசனின் கைதி என்பது பற்றிக் கவலையில்லையே! அக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.

1681இல் அவர் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டார். டானியல் டீபோவின் றொபின்சன் குரூசோவுக்கு அதுவும் ஒரு வித்து என்பர் அறிஞர். ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர் கப்பற்றலைவராகி, அடிமைகளை வாங்க மடகாஸ்கருக்குப் போனார். ஏறத்தாழ 20 ஆண்டு சிறையிருந்த கை, பிறரை விலை பேசியது. தந்தைக்காகத் திரும்பிய அந்த இளைஞரையும் இந்த வணிகரையும் ஒருவராக எண்ண என் மனம் இன்றும் ஒப்பவில்லை. 1720இல் அவர் இலண்டனில் மறைந்தார்.