கரை சேராத படகு: நடிகையர் திலகம் சாவித்திரி

அடையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்திற்குத் தெற்கே, பெசன்ட் நகரை ஒட்டி, ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவச் சிற்றூர் உள்ளது. பிரம்மஞான சபையை நிறுவியோருள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரை அது தாங்கி நிற்கிறது. சபாக்களின் சுவர்களுக்குள் ஒலித்துவந்த கருநாடக இசையைக் கடற்கரை மணலுக்குக் கொணர்ந்த விழா 2015ஆம் ஆண்டில் அங்கு நடந்தபோது நாளிதழ்கள் பலவும் அவ்வூரைப் பற்றி எழுதின. ஆயின், அவ்வூர்ப் பெரியோரின் நெஞ்சில் அதற்கு நெடுநாள் முன்பே குடியேறிய கலை ஒன்று உண்டு. அது திரைப்படம்.

ஒரு மாலைப்பொழுதில் அக்கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியோர் சிலருடன் அமர்ந்திருந்தேன். பேச்சு 1971ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிராப்தம்' என்னும் படத்தின்மீது சென்றது. படகோட்டி ஒருவனின் கதை என்பதால் அதைக் காண ஆவலுடன் போனதாகவும், நிறைவின்றித் திரும்பியதாகவும் ஒருவர் கூறினார். கல்லூரி மாணவியாகத் தோன்றும் வயதைச் சாவித்திரி அப்போது கடந்துவிட்டார் என்பது அவருடைய குறை. மற்றொருவர் அதனை ஏற்கவில்லை. நடிப்பில் பழுதில்லை, பிறமொழிகளில் முன்பே பலர் பார்த்துவிட்ட கதையை மீண்டும் எடுத்ததே பிழை என்றார் அவர். அருகில் மீன்கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டியோ, படம் எப்படியிருந்தால் என்ன, அந்த மகராசி உள்ள முதலையெல்லாம் அதிலே போட்டுவிட்டாளே என்று வருந்தினார்.

மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், எவர் கூற்று முழுமையானது என்று துணிவதற்கு அவ்வம்மையாரின் வாழ்வை முதலிலிருந்து நோக்குதல் வேண்டும்.

பிறப்பும் முயற்சியும்

சாவித்திரி ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றாவூரில் 1930களின் இடைப்பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாய் சுபத்திரம்மாவும், பெரியப்பா வெங்கடராமய்யா சௌத்ரியும் அவரை வளர்த்தனர். இளமையிலேயே நடனம் பயின்று, நாடக மேடையேறி, பின்னர்ப் பட வாய்ப்பு நாடிச் சென்னை வந்தார்.

வந்தவுடன் வாசல் திறக்கவில்லை. 1950ஆம் ஆண்டில் வெளியான 'சம்சாரம்' என்னும் தெலுங்குப் படத்தில் கதைத்தலைவியாகும் வாய்ப்பு நெருங்கி வந்து நழுவியது. அப்படத்தில் சிறு வேடம் ஒன்றே கிடைத்தது. அடுத்த ஆண்டு 'பாதாள பைரவி'யில் ஒரு நடனத்திற்கு மட்டும் தோன்றினார். 1953இல் வெளிவந்த 'தேவதாஸ்' படத்தின் பார்வதி வேடமே அவரைத் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழியினரும் அறியச் செய்தது.

1955இல் எல். வி. பிரசாத் இயக்கத்தில் 'மிஸ்ஸியம்மா' வெளிவந்தது. முதலில் பானுமதிக்கென வகுக்கப்பட்ட வேடம், அவர் விலகியமையால் சாவித்திரியிடம் வந்தது. வேலை பெறும்பொருட்டு ஓர் இந்து இளைஞனும் கிறித்தவ நங்கையும் கணவன் மனைவியாக நடிக்க நேரும் நகைச்சுவைக் கதை அது. சினமும் நாணமும் சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் மாறிமாறித் தோன்ற அவர் நடித்த திறம், பிறருக்கென எழுதிய வேடம் என்பதையே காண்போர் மறக்கும்படி செய்தது. 1957இல் வந்த 'மாயா பஜா'ரில், பெண்ணுருக் கொண்ட கடோத்கசனாக அவர் காட்டிய ஆண்மை நடையும் அரக்கச் செருக்கும் இன்றும் நடிப்புப் பயில்வோர்க்குப் பாடமாவன.

உச்சி

1960 முதல் 1965 வரையிலான ஆறு ஆண்டுகளை அவருடைய பொற்காலம் எனலாம். 'களத்தூர் கண்ணம்மா', 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'பார்த்தால் பசி தீரும்', 'கற்பகம்', 'கர்ணன்', 'கை கொடுத்த தெய்வம்', 'நவராத்திரி', 'திருவிளையாடல்' எனத் தொடர்ந்து வெளிவந்த படங்கள் அவரை நடிகையர் திலகம் என்னும் சிறப்புப் பெயருக்கு உரியவராக்கின. 1961இல் வெளிவந்த 'பாசமலர்' அண்ணன் தங்கை உறவுக்கு உரைகல்லாக இன்றளவும் பேசப்படுகிறது. அதே ஆண்டில் வந்த 'பாவ மன்னிப்பு', ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் வெவ்வேறு சமயத்தார் இல்லங்களில் வளர்வதைக் காட்டி, சமய நல்லிணக்கத்தைத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. நம் சமுதாயப் பெரியோர் பலர் அப்படத்தை நன்றியுடன் நினைவுகூர்வதை நான் கேட்டிருக்கிறேன்.

நடிகர் ஜெமினி கணேசனை 1950களின் தொடக்கத்தில் அவர் மணந்தார். விசய சாமுண்டேசுவரி, சதீஷ்குமார் என இரு மக்கள் பிறந்தனர். தியாகராய நகரில், வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக விளங்கிய சர் முகம்மது ஹபீபுல்லாவின் பெயரைத் தாங்கிய ஹபீபுல்லா சாலையில் அவருடைய இல்லம் இருந்தது. கேட்டவர்க்கு இல்லையென்னாத அவருடைய கொடை திரையுலகம் முழுதும் அறிந்தது. ஈகையை ஒரு கடமையாகவே போற்றும் நமக்கு அப்பண்பின் அருமை விளங்காமற் போகாது. ஆயின், கணக்குப் பாராமல் கொடுத்த அக்கை, கணக்குப் பார்க்க வேண்டிய இடத்திலும் பாராமல் இருந்துவிட்டது.

படகின் உரிமையாளராக

1968இல் 'சின்னாரி பாப்பலு' என்னும் தெலுங்குப் படத்தைச் சாவித்திரி இயக்கினார். தொழில்நுட்பப் பொறுப்புகளிலும் பெண்களே மிகுதியாகப் பங்கேற்ற முயற்சி அது. பெண் ஒருத்தி இயக்குநர் நாற்காலியில் அமர்வதே அரிதாயிருந்த காலத்தில் அத்துணிவு எளியதன்று. அதன் தமிழ் வடிவமான 'குழந்தை உள்ளம்' 1969இல் வந்தது. பாராட்டுக் கிடைத்த அளவு பணம் கிடைக்கவில்லை.

இந்நிலையில்தான் அவர் 'பிராப்த'த்தில் கை வைத்தார். அதன் மூலம், 1964இல் ஆதுர்த்தி சுப்பாராவ் இயக்கி வெளிவந்த 'மூக மனசுலு' என்னும் தெலுங்குப் படம். ஆற்றில் படகோட்டும் ஏழை இளைஞனுக்கும், நாள்தோறும் அவன் படகில் கல்லூரிக்குச் செல்லும் செல்வர் வீட்டு நங்கைக்கும் இடையே சொல்லப்படாமலே வளரும் அன்பே கதை. அவள் வேறொருவருக்கு மனைவியாகி, கைம்மை எய்தித் திரும்புகிறாள். ஊர் பழி தூற்றுகிறது. இருவரும் ஆற்றில் மூழ்கி மடிந்து, மறுபிறவியில் ஒன்று சேர்கின்றனர். அத்தெலுங்குப் படத்தில் நாகேசுவரராவுடன் நாயகியாக நடித்துப் பெரும்புகழ் பெற்றவர் சாவித்திரியே. 1967இல் அது 'மிலன்' என்னும் பெயரில் இந்தியிலும் வென்றது. இருமுறை வென்ற கதை மூன்றாம் முறையும் வெல்லும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

தமிழில் சிவாஜி கணேசன் படகோட்டியானார். சந்திரகலா இரண்டாம் நாயகியானார். மெல்லிசை மன்னர் விசுவநாதன் இசையமைத்தார். தயாரிப்பு, இயக்கம், நாயகி வேடம் ஆகிய மூன்று சுமைகளையும் சாவித்திரி ஒருவரே தாங்கினார். 1971 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில், படம் வெளியாயிற்று. அதே நாளில் சிவாஜி நடித்த 'சுமதி என் சுந்தரி'யும் வெளியாயிற்று. இலகுவான காதற்கதை ஒருபுறம், துயரம் தோய்ந்த மறுபிறவிக் கதை ஒருபுறம் என நின்றபோது, கூட்டம் எப்பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாமவர் சொன்ன குறைக்கு வருவோம். ஏழாண்டுகளுக்கு முன் தெலுங்கில் ஏற்ற வேடத்தையே அவர் மீண்டும் ஏற்றார். முப்பதுகளின் நடுவில், உடல் பருத்திருந்த நிலையில், முற்பகுதியின் துள்ளல் அவருக்குப் பொருந்தவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. வேறோர் இயக்குநர் இருந்திருப்பின் அதனை எடுத்துரைத்திருக்கக்கூடும். இயக்குநரும் நாயகியும் ஒருவரேயாயின் அக்குறையைச் சுட்டுவார் யார்? ஆயினும், பிற்பகுதியில் கைம்பெண்ணாகத் திரும்பிவரும் பெண்ணின் அமைதியைக் கூர்ந்து நோக்குவோர், அது வாழ்வில் அடிபட்ட ஒருத்தியின் முகம் என்பதை உணர்வர். இளமை அங்கே குறையாக இருந்தது. முதிர்வு இங்கே நிறைவாயிற்று. ஒரே வேடத்தில் இரண்டும் உண்டு என்பதே நடுநிலையான மதிப்பீடாகும்.

இழப்பும் இறுதியும்

நடிகை என்பவர் ஊதியம் பெறுபவர். படம் வீழ்ந்தாலும் அவருடைய கூலி குறையாது. தயாரிப்பாளரின் நிலை வேறு. குப்பத்து வழக்கால் இதனை விளக்கலாம். மீன்பாடு உள்ள நாளில் படகுக்கும் வலைக்கும் உரியவருக்குத் தனிப்பங்கு உண்டு. வலை கிழிந்து வெறுங்கையுடன் திரும்பும் நாளிலோ முதலின் இழப்பும் அவருடையதே. இருபதாண்டுகள் பிறர் படகில் சென்று பொன் ஈட்டிய சாவித்திரி, சொந்தப் படகு கட்டியபோது அனைத்தையும் இழந்தார். கடன் வளர்ந்தது. வருமானவரி நிலுவைக்காகச் சொத்துகள் முடக்கப்பட்டன. இல்லறத்தில் பிரிவு நேர்ந்தது. குடிப்பழக்கம் உடலைக் கெடுத்தது, நீரிழிவும் சேர்ந்துகொண்டது. ஹபீபுல்லா சாலை இல்லத்தை விட்டு அண்ணா நகருக்குக் குடிபெயர்ந்தார். நாயகியாக ஆண்டவர், கிடைத்த சிறு வேடங்களை ஏற்றுப் பிழைத்தார்.

1980ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் நினைவிழந்து வீழ்ந்தார். பத்தொன்பது மாதங்கள் நினைவு திரும்பாமலே கிடந்து, 1981 திசம்பர் 26 அன்று சென்னையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதும் நிறையவில்லை. 2018இல் அவர் வாழ்வு 'நடிகையர் திலகம்' என்னும் படமாக வெளிவந்து, அவரைக் கண்டிராத தலைமுறையையும் கண்கலங்கச் செய்தது.

முடிவாக

மறுபிறவி நம் நம்பிக்கையன்று. இம்மையில் செய்தவற்றுக்கே மறுமையில் கேள்வி உண்டு என்பது நாம் அறிந்தது. ஆதலின், 'பிராப்த'த்தின் கதை நம்மில் பலருக்கு உடன்பாடில்லாதிருக்கலாம். அதனைப் படைத்தவரின் வாழ்வோ நம் மாணவ மணிகளுக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. திறமை ஒன்று, அதனைக் காக்கும் விழிப்பு வேறொன்று. முன்னது இருப்பதாலேயே பின்னது வந்துவிடாது. கையெழுத்திடும் தாளைப் படித்துப் பார்க்கவும், வரவு செலவை எழுதி வைக்கவும் பழகாத கலைஞர்கள் எத்தனையோ பேர் இவ்வாறே வீழ்ந்தனர். இது முதற்செய்தி.

இரண்டாவது, ஒரு தோல்வியைக்கொண்டு ஒருவரை எடை போடலாகாது என்பது. அன்று மாலை விடைபெறுமுன், அதுவரை பேசாதிருந்த முதியவர் ஒருவர் வலையிலிருந்து தலை நிமிராமலே ஒன்று சொன்னார். ஒருநாள் பாடு இல்லாமல் திரும்பி வந்தவனை மீன்பிடிக்கத் தெரியாதவன் என்று தம் குப்பத்தில் எவரும் சொல்வதில்லை என்றார் அவர். திறனாய்வு நூல்கள் பல கற்ற எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.